திருவிடந்தையைத் தாண்டாத பட்டிமன்றம்

எங்கள் குடியிருப்பில் பொங்கல் என்றால் பட்டிமன்றம் உண்டு. கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும் அந்த நான்கு பிளாக்குகளில் தமிழ்நாட்டின் எல்லாப் பக்கத்துக்காரர்களும் இருக்கிறார்கள். மாடிக்கு ஒரு மாவட்டம், கதவுக்கு ஒரு சாம்பார் வாசனை. எல்லாரும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சங்கத்துச் செயலாளர் வருடா வருடம் பட்டிமன்றம் வைப்பார். அதற்கு முன்பு இருந்த ஒற்றுமை திரும்பி வரச் சித்திரை ஆகிவிடும்.

போன வருடத் தலைப்பு, குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா என்பது. பி பிளாக் தம்பதி எதிரெதிர் அணியில் பேசினார்கள். கேஸ் சிலிண்டரை யார் மாற்றுகிறார்கள் என்று மேடையில் ஆரம்பித்த விவாதம், மைக்கை அணைத்த பிறகும் தொடர்ந்து, இருவரும் ஒரே லிஃப்டில் ஏறாத நிலைக்குப் போனது. எங்கள் செயலாளர் மத்திய அரசு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். செய்த தவறைத் திரும்பச் செய்யமாட்டார். ஒவ்வொரு முறையும் புதிய தவறுதான்.

"இந்தத் தடவை யார் வீட்டுக்குள்ளயும் நுழையாத தலைப்பு வெச்சிருக்கேன்," என்று கூட்டத்தில் அறிவித்தார். "வளர்ந்த நாடுகளை வளரும் நாடுகள் எட்டிப் பிடிக்குமா, பிடிக்காதா? உலக விஷயம். யார் பொண்டாட்டியும் கோவிச்சுக்க முடியாது."

எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் கைதட்டவில்லை.

காரணம் என் மனைவி. சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அலுவலகம் அவளை டென்மார்க்குக்குப் போகிறாயா என்று கேட்டிருந்தது. இரண்டு வருடம். அங்கே ஒரு குழுவை நடத்தி, அந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்து இங்கே ஒரு பிரிவைத் தொடங்க வேண்டும். போகிறாளா இல்லையா என்று பொங்கல் கழிந்து வரும் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவளுக்குப் போக ஆசை. அதை அவள் சொல்லவில்லை. ஆனால் துணிக்கடையில் ஸ்வெட்டர் இருக்கும் அலமாரிப் பக்கம் நின்று நின்று வந்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நானும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் ஜோக். "குளிர்காலத்துல அங்க சூரியன் மத்தியானம் டீ சாப்பிட வந்துட்டுப் போயிடுமாம்" என்றேன். "அங்க எல்லாரும் சைக்கிள்லதான் போவாங்களாம், நீ நம்ம தெரு ஸ்பீட் பிரேக்கர்லயே சாமி கும்பிடற ஆளு" என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஜோக்கு தீர்ந்ததும் சொல்லுங்க" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போவாள். என்னிடம் ஜோக்குக்குப் பஞ்சமில்லை என்பது இருபத்திரண்டு வருடமாக அவளுக்குத் தெரியும்.

உண்மையில் எனக்குப் பயம். பையன் திருச்சியில் விடுதியில் இருக்கிறான். அவளும் போய்விட்டால் வீட்டில் நான் மட்டும். எங்கள் வீட்டில் அவள்தான் வளர்ந்த நாடு. கார் ஓட்டுவது, வரி கட்டுவது, மோட்டார் மெக்கானிக்கிடம் சண்டை போடுவது எல்லாம் அவள் துறை. என் துறை செய்தித்தாளும் கருத்தும். அவள் இல்லாத நேரம் பார்த்து வாஷிங் மெஷின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். ஒரு பொத்தானை அழுத்தினேன், அது பாட்டுப் பாடியது. நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பத்துப் பேரை அதட்டுகிற ஆள் நான்.

காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் போவதாக முடிவானது. பட்டிமன்றத்தையும் கடற்கரையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் செயலாளர். காணும் பொங்கலன்று செங்கல்பட்டு மாவட்டமும் சென்னையும் சேர்ந்து அந்த ஒரு கடற்கரையில்தான் நிற்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. "நாம சீக்கிரமா கிளம்பிடுவோம்" என்றார். கிளம்பும்போது வெயில் மண்டையில் ஏறியிருந்தது. சி பிளாக்கில் ஒரு மாமி வீட்டைப் பூட்டினோமா என்று பார்க்க மூன்றாம் மாடிக்குத் திரும்பிப் போனதும், அவரைத் தேடி அவர் கணவர் போனதும் ஒரு காரணம்.

வாடகைக்குப் பிடித்த பேருந்தின் ஓட்டுநர் திருப்போரூர் பக்கத்துக்காரர். வண்டியை எடுக்கும்போதே சொன்னார்: "சார், செங்கல்பட்டு போயி திருக்கழுக்குன்றம் ரூட்ல பூந்துடலாம். ஈ.சி.ஆர். இன்னிக்கு பேஜாரு சார்."

"குழந்தைங்க கடலைப் பார்த்துக்கிட்டே வரணும்னு ஆசைப்படறாங்கப்பா," என்றார் செயலாளர்.

"இன்னா சார், கடல் எங்க ஓடிடப் போவுது?" என்று முனகிக்கொண்டே வண்டலூர் பக்கம் திருப்பினார்.

கேளம்பாக்கம் வரை ஓடினோம். கோவளத்தில் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரைத் தொட்டபோது ஊர்ந்தோம். திருவிடந்தை கோயில் வளைவைத் தாண்டி ஒரு கூப்பிடு தூரம் போனதும் நின்றோம். முன்னால் கண்ணுக்கெட்டிய வரை வேன், கார், குடும்பத்தோடு பைக். ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு இரண்டு காலையும் தூக்கி மடித்து உட்கார்ந்தார். அதைப் பார்த்ததுமே எங்களுக்கு நிலைமை புரிந்தது.

கடல் இடப்பக்கம் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்தது. தெரியவில்லை.

"பட்டிமன்றத்தை இங்கயே ஆரம்பிச்சிடலாம்," என்றார் செயலாளர். பேருந்தில் பாட்டுப் போட ஒரு மைக்கும் ஒலிபெருக்கியும் இருந்தன. நடுவராக ஒப்புக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியரைத் தேடினார்கள். அவர் ஜன்னலோரம் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பேசினால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று கையால் சைகை காட்டினார்.

"நீங்கதான் எப்பவும் தமாஷா பேசுவீங்களே," என்று செயலாளர் என்னைப் பார்த்தார்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் 'பிடிக்கும்' அணியில் கடைசிப் பேச்சாளர். அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தாள். ஓடிவிடலாம் என்று பார்த்தால் கதவை ஒட்டி ஒரு கரும்பு ஜூஸ் வண்டி நின்றது. ஆக, நான் நடுவரானேன். ஓட்டுநருக்குப் பக்கத்தில் என்ஜினை மூடிய மேடைதான் என் இருக்கை. மேலே மெத்தை, கீழே கொதிக்கும் என்ஜின். எந்த நடுவரும் இவ்வளவு சீக்கிரம் சூடாகியிருக்கமாட்டார்.

முதலில் 'பிடிக்காது' அணிக்கு ஒரு பெரியவர். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிதானமானவர், லிஃப்டில் ஏறினால்கூட எடை கணக்குப் பார்ப்பவர்.

"பணக்கார நாட்டுக்காரன்கிட்ட நூறு இட்லி இருக்குன்னு வெச்சுக்குங்க," என்று தொடங்கினார். "அவன் மெதுவாத்தான் வளர்றான். நூத்துக்கு ரெண்டு. அப்போ அடுத்த வருஷம் ரெண்டு இட்லி கூடும். நம்மகிட்ட அஞ்சு இட்லி. நாம வேகமா வளர்றோம், நூத்துக்கு எட்டுன்னே வெச்சுக்கோங்க. எவ்வளவு கூடும்? அரை இட்லிகூட இல்ல. பேப்பர்ல நாமதான் ஜெயிக்கறோம். தட்டுல பார்த்தா இடைவெளி போன வருஷத்தைவிட அதிகம். இது எத்தனை வருஷம் ஓடணும்? நம்ம ஆயுசுல நடக்காது."

"இட்லி பேச்சை நிறுத்துங்க அண்ணே!" என்று பின்னாலிருந்து ஒரு பெண்மணி குரல் கொடுத்தார். "புளிசாதம் டிக்கியில மாட்டிக்கிட்டிருக்கு, இங்க கொழந்தைங்க பசியில இருக்குது!"

பலத்த கைதட்டல். பொருளாதாரத்துக்கா, புளிசாதத்துக்கா என்பது நடுவருக்கு விளங்கவில்லை.

அடுத்து 'பிடிக்கும்' அணியில், புதிதாகக் கல்யாணமான ஒரு மென்பொருள் இளைஞர். அவர் நடைபாதையில் நின்றபடி ஒரே போடாகப் போட்டார்.

"முட்டுக்காட்டுல போட்டிங் போயிருக்கோம் இல்ல? அவங்க எல்லாம் அந்தக் காலத்துலயே துடுப்புப் போட்டுக் கிளம்பினவங்க. ரொம்ப தூரம் போயிட்டாங்க, சரி. நாம லேட்டா வந்தோம். ஆனா நாம வரும்போது மோட்டார் போட் ரெடி! நம்ம ஊர்ல பல வீட்டுக்கு லேண்ட்லைனே வரல, நேரா செல்போன். இளநி வண்டியில பாருங்க, ஸ்கேன் பண்ணிப் பணம் போடறோம். வெளிநாட்டுல இருக்கற எங்க அக்கா குழாய் ரிப்பேருக்கு ஆள் வரலன்னு மாசக்கணக்குல பக்கெட் வெச்சிருக்காங்க!"

"மோட்டார் போட்டுக்குப் பெட்ரோல் யார் தர்றது?" என்று கல்பாக்கம் பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"துடுப்புக்காரன் போன அலையில நம்ம போட் பின்னாடி தள்ளப்படுதே, அதச் சொல்லு!" என்றது இன்னொரு குரல்.

நடுவர் என்ற முறையில் நான் இரண்டு ஜோக் சொன்னேன். சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். 'பிடிக்காது' அணியின் இரண்டாவது பேச்சாளர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்ததால், நேராக என் மனைவியின் முறை வந்தது.

அவள் எழுந்து வந்து, இருக்கைக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்ற பேருந்தில் பிடிக்க வேண்டிய அவசியமில்லை.

"நடுவர் அவர்களே," என்றாள். வீட்டில் என்னை அவள் 'அவர்களே' என்று சொன்னதில்லை.

"இட்லிக் கணக்கு சரிதான். போட் கணக்கும் சரிதான். ஆனா ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டாங்க. நாடு எங்கயும் போகாது. நாடு எதையும் கத்துக்காது. ஆள்தான் போகணும், ஆள்தான் கத்துக்கணும். இன்னிக்குப் பெரிய நாடா இருக்கறவங்ககூட ஒரு காலத்துல அடுத்தவங்க பட்டறையில போய் நின்னு பார்த்துட்டு வந்தவங்கதான். போகணும். பார்க்கணும். அப்புறம் திரும்பி வரணும். திரும்பி வரணும்ங்கறதை நான் அழுத்திச் சொல்றேன், நடுவர் குறிச்சுக்கணும்."

"குறிச்சுக்கிட்டேன்" என்றேன். என்னிடம் பேனாவே இல்லை.

"எட்டிப் பிடிக்குமா பிடிக்காதான்னு இங்க உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்கலாம். ஆனா போறதுக்கு ஒருத்தர் ரெடியா இருக்கும்போது, நல்லா சிரிக்கச் சிரிக்கப் பேசி, ஒரு பதிலும் சொல்லாம இருக்கறவங்க இருக்கற வரைக்கும் பிடிக்காது. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள். பேருந்துக்குள் முதலில் ஒரு 'ஓஹோ' எழுந்தது. பிறகு எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. நடைப்பயிற்சி நண்பர்களிடம் டென்மார்க் ஜோக்குகளை நான் தாராளமாக வினியோகம் செய்திருந்ததால், நாலு பிளாக்குக்கும் விஷயம் தெரியும்.

நான் உடனே கல்பாக்கம் பெரியவரைச் சரணடைந்தேன். "எதிரணிக்கு மறுப்புச் சொல்ல வாய்ப்பு உண்டு சார். நல்லா மறுங்க."

அவர் யோசித்தார். "மறுக்க என்ன இருக்கு? இடைவெளி மூடாதுன்னா, போறதுக்கு வாய்ப்புக் கிடைச்சவங்க போகணும்னுதான் எங்க அணியும் சொல்லும். ரெண்டு வருஷம் நல்ல சான்ஸ்."

"சார்," என்று ஓட்டுநர் என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்தார். "ரெண்டு பார்ட்டியும் ஒண்ணுதானே சொல்லிகினு கீறாங்கோ? நீ இன்னாத்துக்கு முழிக்கிற? அம்மாவ அனுப்பி வையி சார்."

"அண்ணாத்த, நீங்க ரோட்டைப் பாருங்க."

"ரோட்ல பாக்கறதுக்கு இன்னா கீது?"

பட்டிமன்ற நடுவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தீர்ப்புக்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றி வரலாம். நான் சுற்றினேன். உழவன், உலகமயம், பொங்கல் பானை, பானை செய்த மண், அந்த மண்ணின் ஈரம் என்று எங்கெங்கோ போனேன். ஒரு கண் மட்டும் சாலையில். வண்டி நகர்ந்து மாமல்லபுரம் வந்துவிட்டால் இறங்கி ஓடிவிடலாம். வாழ்க்கையில் முதல்முறையாகப் போக்குவரத்துப் போலீஸ் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒருமுறை என்ஜின் உறுமியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வண்டி நாலு முழம் நகர்ந்து, ஒரு வேர்க்கடலை வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. பாதிப் பேர் ஜன்னல் வழியாகக் கடலை வாங்கினார்கள். அதைக் கொறித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

ஒரு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஜோக் நன்றாகத்தான் இருந்தது. என் மனைவி ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கழுத்தோரம் வியர்த்திருந்தது, துடைக்கக்கூட இல்லை. மைக்கில் அவ்வளவு துணிச்சலாகப் பேசியவள், என் வாயிலிருந்து என்ன வருமோ என்று பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். நான் மூன்று வாரமாக அவளை அப்படித்தான் உட்கார வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றேன் மைக்கில்.

பேருந்தே வெடித்துச் சிரித்தது. இத்தனை நேரம் சொன்ன எதற்கும் இப்படிச் சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழத் தமிழாசிரியர்கூடக் கண்ணைத் திறந்து சிரித்துவிட்டு அவசரமாக மூடிக்கொண்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நிஜமாத்தான். வாஷிங் மெஷினைப் பார்த்தா பயம். சாயங்காலம் செங்கல்பட்டுலேருந்து வந்து கதவைத் திறந்தா வீட்ல யாரும் இருக்கமாட்டாங்களேன்னு பயம். அவங்க அங்க சைக்கிள்லேருந்து விழுந்தா யாரு தூக்குவாங்கன்னு பயம். விழாம நல்லா ஓட்டிட்டா, அங்கேயே பிடிச்சுப்போயிடுமோன்னு அதைவிட பயம்."

இப்போது சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒருவர் கடலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"ஆனா நடுவருக்குப் பயம்ங்கறது ஒரு வாதம் கிடையாது. ரெண்டு அணியும் அதைப் பேசவும் இல்ல. அதனால தீர்ப்பு: எட்டிப் பிடிக்கும். மெதுவா, மூச்சு வாங்கிக்கிட்டு, நம்ம கணக்குக்கு வராத மாதிரி பிடிக்கும். ஆனா போறவங்களை அனுப்பினாத்தான் பிடிக்கும். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டியவங்க 'சரி'ன்னு சொல்லலாம்."

கைதட்டலுக்கு நடுவே அவள் எழுந்தாள். "ஒரு சந்தேகம். இது நடுவரோட தீர்ப்பா, என் வீட்டுக்காரரோட தீர்ப்பா?"

"நடுவரோடதுதான். ஆனா வீட்டுக்காரர் அப்பீலுக்குப் போகமாட்டார்."

"போனாலும் தள்ளுபடிதான் சார்!" என்றார் ஓட்டுநர், ஹாரனை ஒரு தரம் அடித்து. முன்னால் நின்ற கார்க்காரர் திரும்பி முறைத்தார். அவருக்கு டென்மார்க் விஷயம் தெரியாது.

அதற்குப் பிறகும் வண்டி வெகுநேரம் ஊர்ந்துதான் போனது. மாமல்லபுரத்துக்குள் வண்டிகளை விடவில்லை. ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் இறங்கி நடந்தோம். பாய், புளிசாதத் தூக்கு, பிளாஸ்டிக் பந்து, குடை என்று ஒரு சிறிய நாடு இடம்பெயர்ந்த மாதிரி இருந்தது. எங்களைப் போலவே நூறு நாடுகள் அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தன.

அவள் என் பக்கத்தில் நடந்தாள்.

"எனக்கும் பயம்தான்," என்றாள்.

"உனக்கு என்ன பயம்?"

"அங்க எல்லாரும் என்னைவிட நல்லா வேலை செய்வாங்களோன்னு. மீட்டிங்ல நான் சொல்றது அவங்களுக்குப் புரியலன்னா என்ன பண்றதுன்னு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"எங்க விட்டீங்க? நடுவுல ஜோக்கு வந்துடுது."

இதற்குக்கூட எனக்கு ஒரு ஜோக் தோன்றியது. அன்றைக்கு மட்டும் அதை விழுங்கினேன். சற்று நெஞ்சைக் கரித்தது.

கடற்கரைக்குப் போகும் திருப்பத்தில் அவள் நின்று கைபேசியை எடுத்தாள். "இப்பவே அனுப்பிடறேன். திங்கக்கிழமைக்குள்ள நீங்க மாறிடுவீங்க."

"நான் அப்படிப்பட்ட ஆளா?"

"ஆமா."

இரண்டு வரிதான் எழுதினாள். அனுப்பு என்று தட்டினாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடற்கரையில் அத்தனை ஜனத்துக்கும் ஒரே நேரத்தில் படம் அனுப்ப வேண்டியிருந்ததால் சிக்னல் செத்துக் கிடந்தது. அவள் கையை உயர்த்திப் பார்த்தாள். அவளுக்கு உயரம் போதாது.

"குடு" என்று வாங்கினேன். சாலையோரம் மதகு மாதிரி ஒரு சிமென்ட் கட்டை இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி, கையை எட்டும் வரை மேலே தூக்கினேன். கீழே மாங்காய் பத்தை விற்கிறவர், பலூன்காரர், குழந்தையைத் தோளில் சுமந்த தகப்பன்கள். எல்லாத் தலைக்கும் மேலே முதல்முறையாக அன்றைக்குக் கடல் தெரிந்தது. வரிசையாகத் தடுப்பு, தடுப்புக்கு அப்பால் போலீஸ், போலீஸுக்கு அப்பால் நீலம். மூன்று வாரமாக அவள் போகாமல் இருக்க எந்தெந்தக் காரணத்தையோ தேடிய நான், அவள் போவதற்கான பதிலைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் சிக்னலுக்காக ஆடிக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க!" என்றாள் கீழேயிருந்து.

திருப்பினேன். முழங்கால் வலித்தது. எங்கள் செயலாளர் தூரத்திலிருந்து, "சார், அங்க என்ன பண்றீங்க? விழுந்துடப் போறீங்க!" என்று கத்தினார்.

வட்டம் நின்றது.

"போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"போயிடுச்சு," என்றேன்.

இறங்குவதற்கு அவள் கையைக் கொடுத்தாள். மிளகாய் பஜ்ஜி வாங்கினோம். எண்ணெய் வடியாத பஜ்ஜி, காரம் மூக்கில் ஏறியது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். யார் கேட்டாலும் மிளகாய் என்று சொல்லிக்கொள்ளலாம்.